மரித்தோர் பேரால் கிண்டும் பிக்கோ

நவம்பர் மாதம் மரித்த விசுவாசிகளின் ஆத்துமாக்களுக்கென்று குறிக்கப்பட்ட மாதம் என்பதை நாம் சிறு வயதுமுதல் அறிவோம். கல்லறையைச் சுத்தம் செய்து, சுண்ணாம்பு பூசி, பூ வைத்து, மெழுகுதிரி ஏற்றி, குருவானவரைக் கொண்டு மந்திரிப்பது நம் குடும்பங்களில் தவறாமல் நடந்துவரும் காரியம். அதே மாதத்தில், கீழ்த்திசையில் நம்மைப் போலவே அரிசிச் சோறு உண்ணும் இன்னொரு கிறிஸ்தவ ஜனம் தங்கள் மரித்தோரை எவ்விதம் நினைவுகூருகிறது என்பதை இவ்வாரம் சற்று விஸ்தாரமாகப் பார்ப்போம். அந்த ஜனம் பிலிப்பைன் தீவுகளில் வாழ்வோர். அவர்களிடத்தில் இந்த நினைவு கல்லறையில் அல்ல, அடுப்பங்கரையில் தொடங்குகிறது.

பிலிப்பைன் தேசம் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட தீவுகள் சேர்ந்தது. 1521-ம் ஆண்டு மகெல்லன் என்னும் கப்பல் தலைவன் அங்கே போய்ச் சேர்ந்தான். அவ்வருஷம் மார்ச் மாதம் 31-ந் தேதி, உயிர்த்த ஞாயிறன்று, லிமசாவா என்னும் சிறு தீவில் முதல் திவ்விய பலிபூசை நிறைவேறியது. 1565-ல் லெகாஸ்பியோடு வந்த அகுஸ்தீன் சபைக் குருக்கள் நிலையாகத் தங்கி வேதம் போதித்தார்கள். இன்று அந்நாட்டில் நூற்றுக்கு எழுபத்தெட்டுப் பேருக்கு மேல் கத்தோலிக்கர் என்று 2020-ம் ஆண்டுக் குடிக்கணக்கு சொல்லுகிறது. ஆசியாவில் இவ்வளவு கத்தோலிக்கர் உள்ள நாடு வேறில்லை.

வேதம் வருவதற்கு முன்னும் அந்த ஜனங்கள் மரித்தோரை மறந்தவர்களல்லர். முன்னோரின் ஆவிகளை அனீத்தோ என்றழைத்து, அவைகளுக்குச் சோறும் கள்ளும் படைப்பார்கள். வேதபோதகர்கள் படையலை நிறுத்தினார்கள். அரிசிப் பலகாரத்தையோ நிறுத்தவில்லை. அது நல்லதாயிற்று என்றே சொல்ல வேண்டும். ஏனென்றால் இன்று அந்நாட்டுக் கிறிஸ்தவர்கள் மரித்தோரை நினைத்துச் செய்யும் செபமும் தருமமும் பெரும்பாலும் அந்தப் பலகாரத்தைச் சுற்றியே நிற்கின்றன.

நவம்பர் முதல் இரண்டு நாட்களையும் அவர்கள் ஊந்தாஸ் என்று அழைக்கிறார்கள். நாம் இரண்டாந் தேதி கல்லறைக்குப் போகிறோம். அவர்களோ சகல அர்ச்சியசிஷ்டவர்களின் திருநாளாகிய முதல் தேதியன்றே போய்விடுகிறார்கள். பட்டணத்தில் வேலை செய்கிறவர்கள் பஸ்ஸிலும் கப்பலிலும் நெருக்கியடித்துக்கொண்டு சொந்த ஊருக்குத் திரும்புகிறார்கள். பாய், குடை, சாப்பாட்டுப் பாத்திரம் சகிதம் கல்லறைத் தோட்டத்துக்குப் போய் இரவு முழுவதும் அங்கேயே தங்குகிறவர்களும் உண்டு. செபமாலை சொல்லுவார்கள், பழைய கதை பேசுவார்கள், பிள்ளைகள் உருகிய மெழுகைச் சுரண்டி உருண்டை பிடித்து விளையாடுவார்கள். சாப்பாட்டுப் பாத்திரத்தில் மற்றது எது இருந்தாலும் இல்லாவிட்டாலும் அரிசிப் பலகாரம் இருக்கும்.

இப்பலகாரங்களுக்குப் பொதுப் பெயர் ககானின். அவற்றில் சூமான் என்பது இலையில் பொதிந்து அவிப்பது. புத்தோ என்பது மாவரைத்து ஆவியில் வேகவைப்பது. பிபிங்கா மேலும் கீழும் தணல் வைத்துச் சுடுவது. அதைக் கிறிஸ்துமஸ் காலத்தில் அதிகாலைப் பூசை முடிந்து கோவில் வாசலில் வாங்கித் தின்பார்கள். நாம் இங்கே கவனிக்கப்போவது பிக்கோ. அது பசையரிசியும் தேங்காய்ப்பாலும் பழுப்புச் சர்க்கரையும் சேர்த்துக் கிண்டி எடுப்பது. கலியாணம், ஞானஸ்நானம், திருநாள் எல்லாவற்றுக்கும் அது உண்டு. என்றாலும் மரித்தோர் நாளில் அதற்குத் தனியிடம் உண்டு. அரிசி ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்வதுபோல, இருப்பவரும் இறந்தவரும் பிரியாத ஒரே குடும்பம் என்று பெரியவர்கள் அதற்குப் பொருள் சொல்லுகிறதுண்டு.

செய்முறையைச் சொல்லுகிறேன். நம் தாய்மார்களுக்கு இதில் புரியாதது ஒன்றும் இல்லை. ஒரு குடும்பத்துக்குப் பசையரிசி 400 கிராம், நன்றாய் முற்றிய தேங்காய் இரண்டு, பழுப்புச் சர்க்கரை 300 கிராம், உப்பு ஒரு சிட்டிகை, வாழையிலை. அவ்வளவுதான். பசையரிசியை அவர்கள் மலக்கிட் என்கிறார்கள். செட்டிநாட்டுக் கவுனி அரிசியைச் சமைத்தவர்களுக்கு இவ்வகை அரிசியின் சுபாவம் தெரியும்; வெந்ததும் பருக்கை பருக்கையாய் நில்லாமல் குழைந்து பிடித்துக்கொள்ளும். நம் சாப்பாட்டரிசியில் இருவகை மாச்சத்து இருக்கிறது. பசையரிசியிலோ அவற்றில் ஒருவகை மட்டுமே ஏறக்குறைய முழுவதும் நிரம்பியிருப்பதால் இந்தப் பிசுபிசுப்பு உண்டாகிறது. ஆகையால் பச்சரிசியைப் போட்டு எவ்வளவு கிண்டினாலும் பொங்கல் வருமேயன்றிப் பிக்கோ வராது.

அரிசியை முதல் நாள் இரவே ஊறவைக்க வேண்டும். அவசரமானால் ஒரு மணி நேரமாவது ஊற வேண்டும். தேங்காயைத் துருவி, சிறிது வெந்நீர் தெளித்துப் பிழிந்து, கெட்டியான முதற்பாலை இரண்டு கோப்பையளவு தனியே எடுத்துவைக்கவும். திரும்பவும் தண்ணீர் விட்டுப் பிழிந்தால் வருவது இரண்டாம் பால். ஊறிய அரிசியை இந்த இரண்டாம் பாலில், அரிசி மூழ்கி ஒரு விரற்கடைக்குக் குறைவாக நிற்கும்படி ஊற்றி, உப்பிட்டு, ஒரு துண்டு ரம்பையிலை கிடைத்தால் அதையும் போட்டு, சிறு தீயில் வேகவைக்க வேண்டும். முக்கால் பதத்துக்குச் சற்று மேல் வெந்தால் போதும்.

முதற்பாலில் ஒரு கோப்பையை இரும்புச் சட்டியில் ஊற்றி மிதமான தீயில் காய்ச்ச வேண்டும். இதற்கு அரைமணி நேரப் பொறுமை தேவை. முதலில் தண்ணீர் வற்றும். பின்பு எண்ணெய் பிரியும். அந்த எண்ணெயிலேயே வெள்ளைக் கசடு திரண்டு மெதுவாய்ப் பொன்னிறமாகும். குமரிப் பக்கத்தில் உருக்கெண்ணெய் காய்ச்சுகிறவர்கள் இதைப் பார்த்திருப்பார்கள். அந்தக் கசட்டுக்கு லாத்திக் என்று பெயர். பிக்கோவின் மேலே தூவுவது இதுதான். நடுத்தீவுகளாகிய விசாயாவில் லாத்திக் என்று கேட்டால் கசட்டைத் தரமாட்டார்கள். தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் சேர்த்துக் காய்ச்சிய பாகைத் தருவார்கள். ஒரே நாட்டுக்குள்ளேயே இப்படி.

மிச்சமுள்ள ஒரு கோப்பை முதற்பாலில் சர்க்கரையைப் போட்டுக் கரைத்துப் பாகு திரளும்வரை காய்ச்சி, அதிலே வெந்த அரிசியைக் கொட்டிக் கிண்ட வேண்டும். சர்க்கரையை முதலிலேயே அரிசியோடு போட்டால் என்ன என்று கேட்கலாம். போட்டால் அரிசி உள்ளே விறைத்து நின்றுவிடும். இனிப்பு நீரைப் பிடித்துக்கொண்டு அரிசியை வேகவிடாது. நம் வீட்டுச் சர்க்கரைப் பொங்கலுக்கும் இதே விதிதான். பாகோடு சேர்ந்த பிறகு கை ஓயக்கூடாது. அடி பிடித்தால் அந்தக் கருகல் வாசனை சட்டி முழுவதும் ஏறிவிடும். இருபது நிமிஷம், சில வேளை அரைமணி, கிண்டக் கிண்ட இறுகி, சட்டியின் ஓரத்தை விட்டுச் சுருண்டு வருகிறபோது இறக்கலாம். வாழையிலையை அனலில் வாட்டி, வட்டமான மூங்கில் சுளகில் விரித்து, லாத்திக் காய்ச்சிய எண்ணெயைத் தடவி, அதில் பரப்பி, கரண்டியால் அழுத்தி, மேலே லாத்திக்கைத் தூவிவிட வேண்டும். ஆறின பிறகு துண்டு போடலாம்.

பெரிய குடும்பங்களில் இதையே அகன்ற இரும்புக் கடாயில், துடுப்புப் போன்ற மரக்கரண்டி கொண்டு செய்கிறார்கள். ஒருவராலே முடியாது. ஒருவர் தேங்காய் துருவ, ஒருவர் பிழிய, ஆண்பிள்ளைகள் முறைபோட்டுக் கிண்ட, பாட்டிமார் பதம் சொல்ல, வீடு நிறைந்துவிடும். அந்த வேளையில்தான் மரித்தவரின் பேச்சு வருகிறது. இவருக்கு இனிப்பு அதிகம் வேண்டும், அவருக்குக் கருகின அடிப்பாகமே பிரியம் என்று சொல்லிக்கொண்டு கிண்டுவார்கள். தாத்தாவைப் பார்த்தேயிராத பேரப்பிள்ளை அவரை அறிந்துகொள்வது அப்படித்தான்.

திருநாளுக்கு முந்திய இரவில் தகாலோகு ஜனங்களிடையே இன்னொரு வழக்கமும் உண்டு. அதற்குப் பங்ஙாங்ஙலுலுவா என்று பெயர். கலுலுவா என்றால் ஆத்துமா. வாலிபரும் பிள்ளைகளும் கூட்டமாய் வீடு வீடாகப் போய், தாங்கள் உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்கள் என்று பாவித்துப் பாட்டுப் பாடித் தருமமும் செபமும் கேட்பார்கள். வீட்டார் சூமானோ காசோ கொடுப்பார்கள். ஒன்றும் கொடாத வீட்டில் அன்றிரவு கோழிக்கூட்டில் ஒன்று குறையும். எடுத்துப்போனது ஆத்துமா என்று மறுநாள் சிரிப்பார்கள். ஆத்துமாவுக்குக் கோழி என்னத்துக்கு என்று ஒருவரும் கேட்பதில்லை! பட்டணங்களில் இவ்வழக்கம் மங்கிவிட்டது. கேசோன் மாகாணத்துச் சரியாயா போன்ற ஊர்களில் அதை மறுபடி உயிர்ப்பித்து நடத்துகிறார்கள். ஆதியில் இங்கிலாந்து தேசத்திலும் ஏழைகள் இதே நாளில் வீடு வீடாய்ப் போய் ஆத்துமப் பலகாரம் என்ற ஒன்றை வாங்கிக்கொண்டு, அவ்வீட்டாரின் மரித்தோருக்காகச் செபித்தார்கள் என்பதை நினைத்துக்கொள்ளலாம்.

இனி முக்கியமான கேள்விக்கு வருவோம். மரித்தவருக்குப் பலகாரம் செய்வது அஞ்ஞானப் படையல் அல்லவா? இந்தக் கேள்வி நம் ஊர்களிலும் கேட்கப்படுகிறது. ஆகவே அதை அலட்சியமாய்த் தள்ளிவிடக்கூடாது.

பிலிப்பைன் நாட்டின் வடக்கே இலோக்கோஸ் பகுதியில் ஆத்தாங் என்றொரு வழக்கம் உண்டு. பசையரிசிப் பலகாரம், அவித்த முட்டை, கரும்புக் கள், வெற்றிலை, புகையிலை ஆகியவற்றை ஒரு தட்டில் வைத்துப் படத்தின் முன்னோ கல்லறையிலோ வைப்பார்கள். மரித்தவர் வந்து அதில் பங்குகொள்ளுகிறார், வைக்காவிட்டால் வீட்டில் நோய் வரும் என்று எண்ணுகிறவர்கள் உண்டு. இந்த எண்ணம் சரியல்ல. சரீரத்தை விட்டுப் பிரிந்த ஆத்துமா பசியெடுத்துத் தட்டைத் தேடி வருவதில்லை. பலகாரம் வைக்கவில்லை என்று சொந்தப் பேரப்பிள்ளைக்குக் காய்ச்சல் அனுப்புவதுமில்லை. பயத்தினால் வைக்கப்படும் தட்டு ஒரு தட்டு. அன்பினால் கிண்டப்பட்டு, செபத்தோடு பங்கிடப்படும் தட்டு வேறு. பார்வைக்கு இரண்டும் ஒன்றாயிருக்கலாம்.

இதே காரியம் ஆயிரத்து அறுநூறு வருஷங்களுக்கு முன்னே ஒரு பரிசுத்த தாயின் வாழ்க்கையில் வந்தது. அர்ச். மோனிக்கம்மாள் ஆப்பிரிக்காவில் தன் ஊர் வழக்கப்படி, வேதசாட்சிகளின் கல்லறைகளுக்குக் களியும் அப்பமும் திராட்சரசமும் கூடையிலே கொண்டுபோவாள். 385-ம் ஆண்டளவில் மகனைத் தேடி மிலான் நகருக்கு வந்த பின்னும் அப்படியே கொண்டுபோனாள். வாசற்காவலன் தடுத்துவிட்டான். மேற்றிராணியாராகிய அர்ச். அம்புரோசியார் அதை விலக்கியிருந்தார். ஏனென்றால் சிலர் அதைச் சாக்காக வைத்துக் குடித்து வெறித்தார்கள், அஞ்ஞானிகளின் முன்னோர் விருந்தைப்போலவும் இருந்தது. மோனிக்கம்மாள் வாதாடவில்லை. கூடையை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, கல்லறைக்குச் செபத்தை மாத்திரம் கொண்டுபோகக் கற்றுக்கொண்டாள் என்று அவள் மகன் அர்ச். அகுஸ்தீன் எழுதியிருக்கிறார்.

அந்த அகுஸ்தீனே பிற்பாடு, 392-ம் ஆண்டளவில், கார்த்தேஜ் மேற்றிராணியாராகிய அவுரேலியுவுக்கு எழுதிய கடிதத்தில் என்ன யோசனை சொல்லுகிறார் தெரியுமா? கல்லறைகளில் நடந்த குடிவெறியை அவர் வன்மையாய்க் கண்டிக்கிறார். ஆனால் மரித்தோர் பேரால் கொண்டுவரும் காணிக்கையை ஒரேயடியாய் விலக்கச் சொல்லவில்லை. அது ஆடம்பரமில்லாமல் இருக்கட்டும், கேட்கிற எல்லாருக்கும் பெருமை பாராட்டாமல் முகமலர்ச்சியோடு கொடுக்கப்படட்டும், விலைக்கு விற்கப்பட வேண்டாம் என்கிறார். பிக்கோ கிண்டும் குடும்பத்துக்கு இதைவிடத் தெளிந்த புத்திமதி கிடைப்பது அரிது. பிலிப்பைன் நாட்டுக் கல்லறை வாசல்களில் ஊந்தாஸ் நாட்களில் போலீசார் நின்று சாராயத்தையும் சீட்டுக்கட்டையும் வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அம்புரோசியாரின் வாசற்காவலனுக்கு இன்றும் வேலை இருக்கிறது.

பலகாரமே ஆத்துமாவுக்கு உதவி செய்கிறதில்லை. உதவுவது எது? மக்கபேயர் ஆகமத்தில், யுத்தத்தில் மடிந்த தன் சேவகர்களுக்காக யூதாஸ் என்பவன் பணம் திரட்டி, பாவப் பரிகாரப் பலிக்கென்று ஜெருசலேமுக்கு அனுப்பினதை வாசிக்கிறோம். 1563-ம் ஆண்டு திரிதெந்தின் பொதுச்சங்கம், உத்தரிக்கிற ஸ்தலத்து ஆத்துமாக்கள் விசுவாசிகளின் மன்றாட்டினாலும், முக்கியமாய்ப் பலிபூசையினாலும் உதவி பெறுகின்றன என்று அறிவித்தது. அதே வேளையில், வீண் பக்தியும் பண ஆசையும் இதில் புகாதபடி மேற்றிராணிமார் பார்த்துக்கொள்ளவும் கட்டளையிட்டது. மரிக்கும் தறுவாயில் மோனிக்கம்மாள் கேட்டதும் இவ்வளவே: என் சரீரத்தை எங்கே வைத்தாலும் சரி, பீடத்தண்டையில் என்னை நினைத்துக்கொள்ளுங்கள் என்றாள். 387-ல் ஓஸ்தியா துறைமுகத்தில், பிறந்த ஊருக்குத் திரும்பாமலே மரித்தாள்.

பிலிப்பைன் குடும்பங்களும் இந்த ஒழுங்கை அறிந்திருக்கின்றன. ஒருவர் மரித்தால் ஒன்பது இரவு கூடிச் செபிப்பார்கள். அதற்குப் பசியாம் என்று பெயர். நாற்பதாம் நாள் பூசை வைப்பார்கள். ஒரு வருஷம் நிறைந்ததும் கறுப்பு உடையைக் களைந்து துக்கத்தை இறக்கி வைப்பார்கள். இந்த நாட்களில் செபிக்க வந்தவர்களை வெறுங்கையாய் அனுப்பாமல் பிக்கோவும் காப்பியும் கொடுப்பது வீட்டாருடைய மரியாதை. முதலில் செபம், அப்புறம் பலகாரம்.

கல்லறையே இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? 2013-ம் ஆண்டு நவம்பர் 8-ந் தேதி லெய்த்தே தீவில் பெரும்புயல் அடித்து, கடல் எழும்பித் தக்லோபான் பட்டணத்துக்குள் புகுந்தது. 6,300 பேர் மாண்டதாக அரசாங்கக் கணக்கு. ஆயிரத்துக்கு மேற்பட்டோர் காணாமற்போனார்கள். பட்டணத்துக்கு வெளியே பஸ்பர் என்னுமிடத்துக் கல்லறைத் தோட்டத்தில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சடலங்களை, இன்னாரென்று தெரியாமலே பெருங்குழிகளில் அடக்கம் செய்தார்கள். மேலே வரிசை வரிசையாய் வெள்ளைச் சிலுவைகள் நட்டிருக்கிறது. வருஷந்தோறும் ஜனங்கள் வந்து ஏதோ ஒரு சிலுவையில் தங்கள் பிள்ளையின் பெயரை எழுதி, மெழுகுதிரி ஏற்றிச் செபிக்கிறார்கள். கீழே கிடப்பது தங்கள் பிள்ளையா, அயலான் பிள்ளையா என்று அவர்களுக்குத் தெரியாது. 2015-ம் ஆண்டு ஜனவரி 17-ந் தேதி பாப்பரசர் பிரான்சிஸ் அங்கே போய், மற்றொரு புயலின் மழைக்கு நடுவே, ஜனங்களைப் போலவே மஞ்சள் மழைச்சட்டை தரித்துப் பூசை நிறைவேற்றினார்.

2020-ம் ஆண்டு தொற்றுநோயின் காரணமாக, அக்டோபர் 29 முதல் நவம்பர் 4 வரை பிலிப்பைன் நாட்டுக் கல்லறைத் தோட்டங்கள் எல்லாவற்றையும் அரசாங்கம் மூடிவிட்டது. அந்த ஆண்டு மரித்த அநேகருக்குச் சாவீட்டுச் செபமும் இல்லை, சவ ஊர்வலமும் இல்லை. அவ்வருஷம் உரோமை அதிகாரிகள், ஆத்துமாக்களுக்கென்று கல்லறையைச் சந்தித்து அடையும் பரிபூரண பலனை நவம்பர் மாதம் முழுவதும் அடையலாம் என்றும், வெளியே போகக்கூடாதவர்கள் வீட்டில் சுரூபத்தின் முன் செபித்தும் அடையலாம் என்றும் உத்தரவு கொடுத்தார்கள். மற்ற வருஷங்களில் இந்தப் பலன் நவம்பர் 1 முதல் 8 வரை, பாவசங்கீர்த்தனம், தேவநற்கருணை, பாப்பரசர் கருத்துக்காகச் செபம் ஆகிய வழக்கமான நிபந்தனைகளோடு கிடைக்கிறது. இதை நம் பங்கு மக்கள் மறந்துவிட வேண்டாம்.

நம் வீடுகளிலும் மரித்தவருக்குப் பிரியமான பலகாரத்தை அவர் நாளில் செய்கிற வழக்கம் இருக்கிறது. அது பிக்கோவாயிருக்க வேண்டியதில்லை. அதிரசமோ கொழுக்கட்டையோ எதுவானாலும் சரி. காலையில் பூசை கண்டு, அந்த ஆத்துமாவின் பேரைச் சொல்லி வீட்டார் கூடிச் செபித்துவிட்டு, முதல் பங்கை நம் தெருவில் அடுப்பு மூட்ட முடியாத வீட்டுக்கு, முடிந்தால் பிள்ளைகள் கையில், கொடுத்தனுப்புங்கள். யார் பேரால் கொடுக்கப்படுகிறது என்று பிள்ளைகளுக்குச் சொல்லியனுப்புங்கள். கல்லறையின் மேல் வைத்துவிட்டு வர வேண்டாம். எறும்பும் காக்கையும் தின்னும். பிக்கோவைச் செய்து பார்க்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தேங்காய்ப்பால் சேர்ந்தபடியால் நம் ஊர் வெப்பத்தில் அது மறுநாளே கெட்டுப்போகும். காலையில் கிண்டினால் இருட்டுவதற்குள் சுளகு காலியாக வேண்டும்.